மகள் வீட்டுப் பியோனி: நடுவில் தேங்காய்த் துருவல் குவித்த மாதிரி இருக்கிறதே, இது என்ன ரகம்?

பெருந்துறை அம்மிச்சி

எல்லோருக்கும் வணக்கமுங்க. இங்கே இதுவரை கறிவேப்பிலைக்கும் எலுமிச்சைக்கும்தான் கேள்வி கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை கொஞ்சம் தூரத்துக் கேள்வி.

மகள் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவில் இருக்கிறாள். பேத்தி பிறந்ததற்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு, போன வருடம் அக்டோபரில்தான் திரும்பினேன். அவர்கள் வாங்கியிருப்பது பழைய வீடு. அதில் இருந்த பாட்டி காலமானதும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். பின்வாசல் படியை ஒட்டி மூன்று தூர் பியோனிப் பூச்செடி இருக்கிறது. அந்தப் பாட்டியின் மாமியார் வைத்ததாம், பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

மே மாதக் கடைசியில் மூன்றும் ஒரே வாரத்தில் பூத்தன. காப்பித் தம்ளரோடு படியில் உட்கார்ந்தவள், காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் தூர்: வெளியே ஒரு சுற்று அடர்ந்த ரோஸ் இதழ். நடுவில் துருவிய தேங்காயைக் கிண்ணத்தில் குவித்த மாதிரி ஒரு குவியல். விரிந்த அன்று அந்தக் குவியலில் ரோஸ் சாயல் இருந்தது. நாலாம் நாள் பார்த்தால் வெள்ளை. இரண்டாவது: வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் நாடா நாடாவாக. மூன்றாவது: அரக்குச் சிவப்பு. நடுவிலும் சிவப்பு நாடாதான், ஆனால் ஒவ்வொரு நாடாவின் ஓரத்திலும் கூறைப்புடவைக்கு ஜரிகை ஓடுகிற மாதிரி ஒரு தங்கக் கோடு.

"ஜாப்பனீஸ் பியோனி" என்று மட்டும் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அப்படியென்றால் ஜப்பானிலிருந்து வந்ததா? ரகத்துக்குப் பெயர் உண்டா? நம்ம தோட்டத்தில் வருமா? இன்னொன்று, இந்த வருடம் முதல் இரண்டும் பூத்தன, மூன்றாவது வெறும் தழையாக நின்றுவிட்டது என்கிறாள் மகள். படம் பழைய போனோடு போய்விட்டது, மன்னிக்கவும்.

சத்தி சம்பங்கி

ஒரு கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே அக்கா. சம்பங்கிக் கிழங்கு வைக்கிற மாதிரி நான் வைத்துப் பார்த்திருப்பேன்.

கோத்தகிரி குளிர்

வேண்டாம் தம்பி. மண் ஒட்டிய கிழங்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி தப்பு. 2003இல் வந்த தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் நோய் இல்லை என்ற சான்றும் வேண்டும். அப்படியே வந்தாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொழுதோட வந்து சொல்கிறேன், இப்போது தேயிலைக்கு ஆள் வந்திருக்கிறார்கள்.

கவுந்தப்பாடி சர்க்கரை

அம்மா, நான் கவுந்தப்பாடிக்காரன். பதினாலு வருடமாக இண்டியானாவில் இருக்கிறேன். 1957இலிருந்து இந்த மாநிலத்துக்குப் பியோனிதான் மாநில மலர். பழைய வீடு எதை வாங்கினாலும் வேலியோரம் ஒரு தூராவது இருக்கும். அதனால் இந்தச் செடியோடு எனக்குப் பழக்கம் உண்டு. படம் இல்லாவிட்டாலும் நீங்கள் எழுதியிருப்பது பாதிப் படத்துக்குச் சமம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "ஜப்பான்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டு மூன்று வேறு வேறு பியோனிகள் உலாவுகின்றன. ஒன்று, ஜப்பான்காரர்கள் போட்டான் என்று சொல்லும் மரப்பியோனி. கட்டை வைத்து வளரும், பனிக்காலத்தில் இலை மட்டும் கொட்டும். இன்னொன்று இட்டோ கலப்பினம். 1948இல் தொய்ச்சி இட்டோ என்பவர் செடிப்பியோனியையும் மஞ்சள் மரப்பியோனி ஒன்றையும் சேர்த்து உண்டாக்கியது. அவர் 1956இல் இறந்துவிட்டார், பூவைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதுதான் உங்களுடையது. அங்கே ஜப்பான் என்பது நாட்டின் பெயராக வரவில்லை, பூவின் அமைப்புக்குப் பெயராக நிற்கிறது. பிரான்சில் உண்டானதும் ஹாலந்தில் உண்டானதும் அமெரிக்க மக்காச்சோளக் காட்டு நடுவில் உண்டானதும் எல்லாமே "ஜப்பான் வகை"யாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோகோஹாமா வழியாக வந்த ரகங்களில் இந்த அமைப்பு எடுப்பாக இருந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. செடியின் பூர்வீகம் வட சீனா, மங்கோலியா, சைபீரியா பக்கம்.

பழைய வீட்டில், பனிக்காலத்தில் தரையோடு மடிந்து வசந்தத்தில் சிவந்த குருத்து விட்டு வருகிறது என்றால் செடிப்பியோனிதான், சந்தேகமே வேண்டாம்.

அமைப்பு என்னவென்றால், வெளியே ஐந்தோ அதற்கு மேலோ அகன்ற இதழ், ஒரு சுற்று அல்லது இரண்டு. அதற்குக் காவல் இதழ் என்று பெயர். நடுவில் மகரந்தத் தாள் இருக்க வேண்டிய இடத்தில், தாளாகவும் இல்லாமல் இதழாகவும் ஆகாமல், அகன்று தடித்துப்போன நாடாக்கள். மகரந்தத் தூள் அவற்றில் இருக்காது, இருந்தாலும் ஓரத்தில் ஒரு சிட்டிகைதான். உங்கள் தேங்காய்த் துருவல் அதுதான்.

கல்வாழை டீச்சர்

முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள் இதில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அந்த நாடாவுக்கு மலட்டு மகரந்தத் தாள் என்று பெயர். அம்மிச்சி அதைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கத் தேவையில்லை! துணி துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு கல்வாழைப் புதர் இருக்குமே, அதில் ஒரு பூவைப் பறித்துப் பிரியுங்கள். நாம் இதழ் என்று நினைக்கிற சிவப்பும் மஞ்சளும் இதழே அல்ல. உண்மையான இதழ் மூன்றும் பின்னால் ஒல்லியாக, யாருக்கும் கண்ணில் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் ஆடுகிற அகன்ற துண்டெல்லாம் மலட்டுத் தாள்கள். ஒரே ஒரு தாளின் ஓரத்தில் மட்டும் பாதி மகரந்தப் பை ஒட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு நான் இதைக் காட்டினால் ஒரு நிமிடம் வகுப்பே சத்தமில்லாமல் இருக்கும். அதனால்தான் எனக்கு இந்தப் பெயர்.

காப்புக் கட்டுக்குப் பூளைப்பூவோடு வைக்கிற ஆவாரம்பூவையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் தாளில் மேலே இருக்கிற மூன்றும் மலடு. அடுக்குச் செம்பருத்தியில் நடுத்தண்டைச் சுற்றி இதழாய்ச் சுருண்டு கிடப்பதும் முன்பு தாளாக இருந்தவைதான். பூவின் எந்த வட்டம் இதழாக வேண்டும், எது தாளாக வேண்டும் என்று முடிவு செய்வது சில மரபணுக்கள். 1991இல் இதற்கு ஏ-பி-சி மாதிரி என்று ஒரு விளக்கம் வந்தது. தாளும் சூலகமும் உண்டாக 'சி' வகை மரபணு வேலை செய்ய வேண்டும். அது ஓய்ந்தால் தாள் இருக்கிற இடத்தில் இதழ் வந்துவிடும்.

ஜப்பான் வகைப் பியோனி அந்த மாற்றம் பாதி வழியில் நின்றது மாதிரி. இன்னொரு அடி வைத்தால் அனிமோன் வகை. அதில் நடு நாடா முழுக்கச் சின்ன இதழாகிவிடும், மகரந்தப் பையின் தடமே இருக்காது.

பெருந்துறை அம்மிச்சி

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய்க் கல்வாழையைப் பிரித்துவிட்டுத்தான் வருகிறேன். நாற்பது வருடம் அந்தச் செடிக்குப் பாத்திரத் தண்ணி ஊற்றியிருக்கிறேன். பின்னால் ஒல்லியாக மூன்று இதழ் இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினால், "சோறு ஆச்சா?" என்கிறார்.

பூக்கடை மச்சான்

கோயமுத்தூரில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறேன். இப்போது பொண்ணு வீட்டார் போனில் படம் காட்டிப் பியோனிதான் வேண்டும் என்கிறார்கள். ஹாலந்திலிருந்து விமானத்தில் வருவதை பெங்களூரில் எடுக்கிறோம். ஆனால் கேட்பது எல்லாம் முட்டைக்கோஸ் மாதிரி நிறைந்த அடுக்குப் பூ, முக்கால்வாசி சாரா பெர்ன்ஹார்ட்தான். ஜப்பான் வகையை ஒரு தடவை மாதிரிக்குக் கொண்டுவந்து காட்டினேன். "பாதி உதிர்ந்த பூவைக் கொடுக்கிறீங்களே" என்று அந்த வீட்டு அத்தை சண்டைக்கு வந்துவிட்டார்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது, கோபிக்க வேண்டாம். அடுக்கு என்றால் நிறைவு. இது ஏதோ பாதியில் விட்ட வேலை மாதிரி இருக்கிறது.

கவுந்தப்பாடி சர்க்கரை

மச்சான், மேடையில் ஆறு மணி நேரம் நிற்கிற பூவுக்கு உங்கள் கணக்கு சரி. தோட்டத்தில் நிற்கிற பூவுக்கு வேறு கணக்கு. ஜூன் மாதம் இங்கே ஒரு இடிமழை வரும். என் வீட்டு சாரா பெர்ன்ஹார்ட், 1906இல் பிரான்சில் லெமுவான் வெளியிட்டது, அழகில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மழை விட்டதும் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் நனைந்த துண்டு மாதிரி தண்ணீரைக் குடித்துத் தண்டோடு மண்ணில் கிடக்கும். மறுநாள் பழுப்பு. பத்தடி தள்ளி நிற்கிற ஜப்பான் வகை தலையை உதறிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும், இதழ் குறைவு, எடை குறைவு. கம்பி வளையம் கட்டிக் காப்பாற்ற வேண்டிய பாடு இல்லை. நான் கடைசியாக வாங்கிய ஐந்து தூரும் இந்த வகைதான்.

ஜப்பானில் குமாமோத்தோ என்ற பகுதிக்குப் பழைய பெயர் ஹிகோ. அங்கே சாமுராய்கள் தலைமுறை தலைமுறையாக ஆறு பூக்களை வளர்த்துச் செம்மை செய்தார்கள். காமெலியா, அதன் இன்னொரு இனமான சசான்குவா, ஐரிஸ், சாமந்தி, அசகாவோ என்கிற காலையில் பூக்கும் கொடி, அப்புறம் பியோனி. அடுக்கு அவர்களுக்குப் பெரிதில்லை. ஒற்றைச் சுற்று இதழும் நடுவில் பொங்கி நிற்கிற தாள்களும்தான் அவர்கள் பார்த்த அழகு. அந்தக் கண்ணோடு பார்த்தால் உங்கள் சாராவுக்கு முகமே கிடையாது, முடி மட்டும்தான்.

பூக்கடை மச்சான்

முகமே கிடையாதா! சரி, அந்த அத்தையிடம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அடி வாங்கினால் மருந்துச் செலவு உங்களுடையது.

கவுந்தப்பாடி சர்க்கரை

இப்போது பெயருக்கு வருகிறேன் அம்மா. உங்கள் பியோரியா சாதாரண ஊர் இல்லை. அங்கிருந்து வடமேற்கே அரைமணி நேரக் கார் ஓட்டத்தில், அதே கவுண்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி), பிரின்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கேதான் புதுப் பியோனி ரகங்களை உருவாக்கிய எட்வர்ட் ஆட்டன் ஜூனியர் இருந்தார். ஜப்பான் வகையில் அவர் அளவுக்கு மனசு வைத்தவர்கள் குறைவு. நிப்பான் பியூட்டி 1927, நிப்பான் கோல்ட் 1929, கே பாரி 1933, ஸ்வோர்ட் டான்ஸ் அதே 1933, மூன் ஆஃப் நிப்பான் 1936, டூ டெல் 1946 என்று வரிசையாக வெளியிட்டார்.

நீங்கள் சொன்ன முதல் தூருக்கு எனக்கு உடனே தோன்றியது கே பாரி. அடர் ரோஸ் காவல் இதழ். நடுக் குவியல் வெளிர் ரோஸாக விரிந்து நாளாக ஆக வெளுத்துவிடும். "நாலாம் நாள் பார்த்தால் வெள்ளை" என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். ஆனால் 1956இல் வந்த ஒயிட் கேப்பும் கிட்டத்தட்ட இதே ஜோடிதான். அதன் இதழ் இன்னும் ஆழமான நிறம், ராஸ்பெர்ரி பக்கம் போகும், நடுவில் தந்த வெள்ளை. ஹாலந்தின் பௌல் ஆஃப் பியூட்டி, 1949, ரோஸும் பால்மஞ்சளுமாக இருக்கும். உலகம் முழுக்கக் கடையில் விற்பதால் யாரைக் கேட்டாலும் முதலில் அதன் பெயரைத்தான் சொல்வார்கள். இந்தக் கே பாரியையும் பௌல் ஆஃப் பியூட்டியையும் சிலர் ஜப்பான் வகை என்பார்கள், சிலர் அனிமோன் என்பார்கள். டீச்சர் சொன்ன பாதி வழியில் நிற்கிற பூ இவை, கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் தகராறு.

இரண்டாவது, வெள்ளையும் மஞ்சளும். இதுதான் கஷ்டம். ஜப்பானிலிருந்து வந்த இசானி கிடூய் பட்டு மாதிரி வெள்ளை. ஜப்பான்காரர் வாயில் இசாமி ஜிஷியாக இருந்தது மேல்நாட்டு விலைப்பட்டியலில் ஏறும்போது இப்படிச் சிதைந்தது என்பார்கள். 1928இல் வந்த யான் வான் லியூவன் இன்னொன்று, கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கும். மூன் ஆஃப் நிப்பானும் வெள்ளைதான். 1954இல் வந்த பூ-டே 1975இல் அமெரிக்கப் பியோனி சங்கத்தின் தங்கப் பதக்கம் வாங்கியது. எல்லாம் வெள்ளை, எல்லாம் நடுவில் மஞ்சள். வாயால் சொல்லிப் பிரிக்க முடியாது.

மூன்றாவது, அரக்குச் சிவப்பு, ஜரிகை ஓரம். நிப்பான் பியூட்டிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் 1893இலேயே பதிவான ஜப்பானின் மிகாடோவும் சிவப்பும் தங்கமும்தான்.

பதக்கம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டூ டெல் வந்தது 1946இல், தங்கப் பதக்கம் கிடைத்தது 2004இல். இளம் ரோஸ் இதழுக்குள் அடர் ரோஸும் வெள்ளையும் கலந்த குழப்பமான நடு, பார்த்தால் யாரோ அவசரத்தில் பஞ்சுமிட்டாயைக் கிழித்துப் போட்ட மாதிரி இருக்கும். கன்சாஸின் மைரன் பிகர் 1942இல் வெளியிட்ட வெஸ்டர்னர், ரோஸ் இதழும் மஞ்சள் நடுவும், அதற்கு 1982இல்தான் கிடைத்தது. ஒரு ரகம் நல்லது என்று ஒப்புக்கொள்ள இந்தச் செடிக்காரர்களுக்கு அரை நூற்றாண்டு பிடிக்கிறது. நம்ம ஊர் நிலத் தகராறு வழக்கு மாதிரி.

கல்வாழை டீச்சர்

பக்கத்தில் ஆட்டன் இருந்தார் என்பதற்காக ஆட்டன் ரகம் என்று எழுதிவிடாதீர்கள் தம்பி. ஈரோட்டில் இருப்பவர் வீட்டு மஞ்சள் எல்லாம் ஈரோட்டு மஞ்சளா? சந்தையில் வாங்கியிருக்கலாம், உறம்பரை கொடுத்திருக்கலாம்.

கவுந்தப்பாடி சர்க்கரை

நியாயம் டீச்சர். பக்கத்து ஊர் என்பது ஒரு நப்பாசைதான், சாட்சி ஆகாது. இந்தப் பெயர்க் குழப்பம் புதிதும் இல்லை. அமெரிக்கப் பியோனி சங்கம் 1903இல் தொடங்கியதற்குப் பெரிய காரணமே இதுதான். ஒரே செடி நாலு பெயரில், ஒரே பெயரில் நாலு செடி. கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இத்தகா ஊரில் செடிகளை வரிசையாக நட்டு ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அதனால் நிறத்தை நம்ப வேண்டாம். அடுத்த மே மாதம் மகளை இப்படிப் பார்க்கச் சொல்லுங்கள். பூ விரிந்த முதல் நாளும் நாலாம் நாளும், இரண்டு நாளும் படம் வேண்டும். நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நடு நாடா ஒன்றைப் பிடுங்கி வெள்ளைக் காகிதத்தில் வைத்து ஒன்று: நுனியில் மகரந்தப் பையின் மிச்சம் மஞ்சளாகத் தெரிகிறதா, நாடா முழுக்க ஒரே நிறமா, ஓரம் மட்டும் வேறா? அப்புறம் நாடாக்களை விலக்கி நடுவில் இருக்கிற சூலகத்தைப் பார்க்க வேண்டும், அது நாலைந்து கொம்பாக நிற்கும். அதில் மயிர் உண்டா, வழுவழுப்பா? கொம்பின் நுனி வெள்ளையா, ரோஸா, சிவப்பா? பாதிக் குழப்பம் அந்த நுனி நிறத்தில் தீர்ந்துவிடும். வாசனையையும் உயரத்தையும் எழுதிவைக்கட்டும்.

மொக்கில் எறும்பு மொய்த்தால் மருந்து அடிக்க வேண்டாம். மொக்கின் புற இதழில் தேன் கசியும், அதற்கு வருகிறது. எறும்பு வந்தால்தான் பூ விரியும் என்று இங்கே பாட்டிகள் சொல்வார்கள், அதுவும் கதைதான்.

கோத்தகிரி குளிர்

வந்துவிட்டேன். சம்பங்கித் தம்பிக்காக என் சோகக்கதை.

கோத்தகிரி சுமார் 1800 மீட்டர் உயரம். கார்னேஷனும் லில்லியும் பசுமைக்குடிலில் வருகிறதே, இது வராதா என்று எனக்கும் ஆசை. முதல் தடவை இணையத்தில் ஒரு கடையில் "ஜப்பான் பியோனி, நீல நிறம்" என்று போட்டிருந்தது. கிழங்கு வந்தது, முளைத்தது, நன்றாகவே பூத்தது. டேலியா! அதுவும் ஊதா டேலியா. பியோனியில் நீலமே கிடையாது என்பது அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. பணத்தைக் கேட்டால் "பூ வந்ததா இல்லையா?" என்று எதிர்க்கேள்வி. பூ வந்ததே, அதற்கு மேல் என்ன பேசுவது.

இரண்டாவது தடவை, முறையாக இறக்குமதி செய்பவரிடம் மூன்று உண்மையான கிழங்கு. முதல் வருடம் ஒரு சாண் உயரத்துக்குத் தழை. இரண்டாம் வருடம் அதுவும் பாதி. மூன்றாம் வருடத் தென்மேற்கு மழையில் அழுகிவிட்டது. தோண்டிப் பார்த்தால் கைக்குக் கூழாக வந்தது.

நம்ம மலையில் குளிர் இல்லை என்று சொல்ல முடியாது. ஊட்டியில் தை மாதம் காலையில் புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஆனால் பத்து மணிக்கு வெயில் வந்ததும் உருகி, மதியம் 20 டிகிரி. பியோனியின் மொட்டுக்கண் உறக்கம் கலைய, 5 டிகிரி அளவில் குளிர் வாரக்கணக்கில் விடாமல் இருக்க வேண்டும். ராத்திரிக்கு மட்டும் வந்து போகிற குளிர் போதாது. மலையிலேயே இந்தக் கதை என்றால் சத்தியமங்கலத்தில் சித்திரை வெயிலில் நினைத்துப் பாருங்கள்.

சத்தி சம்பங்கி

புரிகிறது அண்ணா. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால்?

கோத்தகிரி குளிர்

தொட்டியில் வைத்து ஆறேழு வாரம் குளிர் காட்டினால் ஒரு பருவம் பூக்க வைக்கலாம். வருடா வருடம் தொட்டியைத் தூக்கிப் பெட்டியில் வைத்து, வீட்டில் மாவுக்கும் பாலுக்கும் இடம் இல்லாமல் செய்து... உங்கள் வீட்டம்மா ஒத்துக்கொண்டால் செய்யுங்கள்.

கல்வாழை டீச்சர்

இந்தியாவில் பியோனியே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காஷ்மீரிலும் இமாசலத்திலும் உத்தராகண்டிலும் காட்டுப் பியோனி ஒன்று இருக்கிறது, பியோனியா எமோடி. வெள்ளை ஒற்றை இதழ், நடுவில் உண்மையான, மகரந்தம் உள்ள மஞ்சள் தாள். யுனானி மருந்துக்கடையில் ஊத் சலீப் என்று வேரை விற்பார்கள், அந்த இனத்து வேர்தான். ஜப்பான் வகை எதிலிருந்து மாறி வந்தது என்று புரிய வேண்டுமானால் அந்த ஒற்றைப் பூவைப் பார்த்தால் போதும்.

கவுந்தப்பாடி சர்க்கரை

அம்மா, மூன்றாவது தூர் பூக்கவில்லை என்றீர்களே, அதைக் கேட்காமல் பேசிக்கொண்டே போய்விட்டேன். மொக்கு வந்து கருகியதா, மொக்கே வரவில்லையா? மரம் ஏதாவது நிழல் கட்டுகிறதா? போன வருடம் அந்தத் தூருக்கு மட்டும் ஏதாவது செய்தீர்களா?

பெருந்துறை அம்மிச்சி

மொக்கே வரவில்லையாம். தழை கரும்பச்சையாக நன்றாக இருக்கிறதாம். நிழல் இல்லை, மூன்றுக்கும் ஒரே வெயில்தான்.

நான் எதுவும் கெடுதலாகச் செய்யவில்லை தம்பி. கிளம்புவதற்கு முன் அந்தச் சிவப்புத் தூரில் மண் கரைந்து, கிழங்கின் கண்ணெல்லாம் ரோஸ் நிறத்தில் வெளியே தெரிந்தது. பனி கொட்டப்போகிறது என்றார்கள். பாவமே என்று மருமகனை இரண்டு கூடை மண்ணும் மட்கிய எருவும் கொண்டுவரச் சொல்லி, நம்ம மஞ்சளுக்கு மண் அணைக்கிற மாதிரி ஒரு சாண் உயரத்துக்கு நன்றாக அணைத்துக் காலால் அழுத்திவிட்டு வந்தேன். மற்ற இரண்டுக்கும் அணைக்க நேரம் இல்லை, ஒறம்பரை வந்துவிட்டார்கள்.

கவுந்தப்பாடி சர்க்கரை

அந்த ஒறம்பரைக்கு ஒரு கும்பிடு போடுங்கள். இரண்டு தூர் தப்பித்தது அவர்களால்தான்.

பியோனியும் மஞ்சளும் இந்த ஒரு விஷயத்தில் நேர் எதிர். மஞ்சளுக்கு மண் ஏற ஏற விரலி திரளும். பியோனியின் கண் மண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஆழம் கூடினால் சாகாது, இலை விடும், வருடக்கணக்கில் பூக்காது. அந்தக் கண்ணுக்குக் குளிர் வேண்டும், நீங்கள் கம்பளி போர்த்திவிட்டீர்கள். எருவையும் தூரின் தலையில் வைக்கக் கூடாது, அழுகல் வரும். சுற்றி ஒரு முழம் தள்ளிப் போடலாம்.

இப்போதே மருமகனை அந்த மண்ணைக் கையால் விலக்கச் சொல்லுங்கள். மண்வெட்டி வேண்டாம், கண் ஒடிந்துவிடும். ரோஸ் நிறக் கண் தெரிகிற வரை எடுத்துவிட்டு மேலே இரண்டு விரல்கடை மண் மட்டும் தூவினால் போதும். காய்ந்த தண்டுகளைத் தரையோடு வெட்டி அப்புறப்படுத்தட்டும், சாம்பல் பூசணம் அதில்தான் ஒளிந்திருக்கும். தூரைப் பிரித்துவிடாதீர்கள், பிரித்தால் இன்னும் இரண்டு வருடம் பின்வாங்கும். அப்படிப் புதிதாக வைத்த செடியின் முதல் பூவை வைத்துப் பெயர் சொல்லவும் முடியாது, மூன்றாம் வருடத்தில்தான் அது தன் முழு உருவத்தைக் காட்டும்.

பெருந்துறை அம்மிச்சி

அடக் கொடுமையே. நான் நல்லது செய்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று ராத்திரி வீடியோவில் கூப்பிட்டு மண்ணை எடுக்கச் சொன்னேன். மருமகன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மகள் கையால் விலக்கினாள். ஒரு சாண் இல்லை, அதற்கு மேலேயே இருந்தது. அடியில் கண் இருக்கிறது, நான் எண்ணின வரையில் பதினொன்று, விரல் நுனி அளவில் ரோஸாக. அழுகவில்லை. பேத்தி அதில் ஒன்றைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், நல்லவேளை.

வெள்ளைத் தூரில் காய்ந்த காய் இருந்ததாம், வெடித்து உள்ளே கறுப்பு விதை. அதைப் போட்டால் அதே பூ வருமா?

கல்வாழை டீச்சர்

தாள்தான் மலடு, சூலகம் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்துப் பூவின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்திருக்கும். அதனால் பிள்ளை அம்மா மாதிரியே இருக்க வேண்டும் என்றில்லை.

கவுந்தப்பாடி சர்க்கரை

விதை போட்டால் முதல் பூவுக்கு நாலைந்து வருடம் ஆகும், அதே ரகமாகவும் இருக்காது. ஆனால் போடுங்கள் அம்மா, பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதில் பூக்கும். அந்த விதைச்செடிக்கு மட்டும் மிகாடோ, கே பாரி என்று பழைய பெயரை வைத்துவிடாதீர்கள். ஏற்கனவே இருக்கிற குழப்பம் போதும்.

பெருந்துறை அம்மிச்சி

சரி. மகள் மூன்று தகரத் துண்டில் "ரோஸ், பெயர் தெரியாது", "வெள்ளை, பெயர் தெரியாது", "சிவப்பு, பெயர் தெரியாது" என்று ஆணியால் கீறிக் குத்தி வைத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். அந்தப் பாட்டி மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, நினைவு நாளுக்கு, ஒரு வாளியில் பூ வெட்டிக்கொண்டு கல்லறைக்குப் போவாராம். ரோஸையும் வெள்ளையையும் வெட்டுவாராம். சிவப்பை வெட்டவே மாட்டாராம், ஏன் என்று அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

மே மாதம் படத்தோடு வருகிறேன்.

சத்தி சம்பங்கி

சூலகத்தின் நுனியை மறந்துவிடாதீங்க அக்கா.